ஜான் இல்லாத வாக்கியங்கள்

அவருடைய வாக்கியங்களில் ‘நான்’ வந்ததே இல்லை. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுகள் அவற்றைத் தட்டச்சு செய்து கொடுத்தவள் என்பதால் இதை உறுதியாகச் சொல்கிறேன். மிசஸ் ஆர் வந்தார், மிஸ்டர் டி விழுந்தார், மிஸ் என் அழுதாள். தாளுக்கு இருபது வாக்கியங்கள். ஒன்றிலும் எழுதியவர் இல்லை.

பூனாவில், ஔந்த் பகுதியில், எங்கள் சொசைட்டியின் மூன்றாம் மாடியில் அவர் குடியிருந்தார். நாங்கள் முதல் மாடி. கஞ்சி போட்ட பருத்திப் புடவை, கழுத்துச் சங்கிலியில் தொங்கும் மூக்குக் கண்ணாடி, கைப்பையில் ஏதோ ஒரு வங்கி கொடுத்த பழைய டைரி. இரண்டாயிரத்தை ஒட்டிய அந்த ஆண்டுகளில், ஹிஞ்சவாடி கம்பெனிகளில் வேலைக்குச் சேர்ந்த கணவர்களோடு சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் வந்து இறங்கிய பெண்களுக்கு அவர் தம் வீட்டுக் கூடத்தில் ஆங்கில வகுப்பு நடத்தினார். செவ்வாய், வெள்ளி, காலை பதினொரு மணி. பெரும்பாலோர் பக்கத்து வாகட் பகுதியிலிருந்து ஆட்டோவிலும் ஸ்கூட்டியிலும் வருவார்கள். நல்ல பள்ளியில் குழந்தையைச் சேர்க்க வேண்டுமானால் தாய்க்கும் ஓர் ஆங்கில நேர்காணல் உண்டு. அந்தப் பயம்தான் அவர் வாசலில் பதினான்கு ஜோடி செருப்புகளைக் கொண்டுவந்து சேர்த்தது.

அவர் கற்பித்தது ஒரே ஒரு பாடம். ஆங்கிலத்தில் ஒரு சின்ன வினைச்சொல்லோடு அப், ஆஃப், அவுட் என்று ஏதாவதொன்று ஒட்டிக்கொண்டால் பொருள் வேறெங்கோ போய்விடும். ஃப்ரேஸல் வெர்ப் என்பார்கள். அந்த ஒட்டுக்கு அவர் வைத்திருந்த பெயர் ‘வால்’.

“தலை எல்லாருக்கும் தெரியும். கெட், புட், டேக், லுக் எல்லாம் அஞ்சாம் கிளாஸ் பையனே சொல்லிடுவான். வால்லதான் இங்கிலீஷே இருக்கு. லுக் ஆஃப்டர்னா பார்த்துக்கறது. லுக் டவுன் ஆன்னா? கேவலமா பார்க்கறது. தலை ஒண்ணுதானே? வால் மாறினா குடித்தனமே மாறிடும்!”

இதைச் சொல்லிவிட்டுச் சிரிப்பதற்கு இடம் விடுவார். பெண்களும் சிரிப்பார்கள். அவர் பாடம் பயன்பட்டது என்பதை மறைக்க விரும்பவில்லை. நேர்காணலுக்குப் போய் வந்த தாய்மார்கள் இனிப்புப் பெட்டியோடு மூன்றாம் மாடி ஏறியதை நானே பார்த்திருக்கிறேன். இருபத்தைந்து ஆண்டுகள் இவ்வூரில் இருந்தும் அவருக்கு மராத்தியில் ஒரு கட்டு வெந்தயக்கீரை வாங்கத் தெரியாது. காய்கறி வண்டிக்காரரிடம் விரல்களாலும் புருவங்களாலும் பேசுவார். ஆங்கில வால்கள் மட்டும் அறுநூறு தெரியும்.

பாடநூல்களின் எடுத்துக்காட்டுகளை அவர் அருவருத்தார். அந்த நூல்களில் எல்லாவற்றையும் ஜான் என்ற ஒருவனே செய்வான். ஜான் விளக்கை அணைப்பான், ஜான் சட்டையைக் கழற்றுவான், ஜான் கூட்டத்தைத் தள்ளிவைப்பான்.

“ஜான் யாரு? உங்க வீட்டுக்கு வந்து காப்பி குடிச்சிருக்கானா? அவன் சட்டையைக் கழட்டினா உங்களுக்கென்ன, போட்டா உங்களுக்கென்ன? தெரிஞ்சவங்களுக்கு நடந்ததுன்னா மறக்குமா? உண்மை இருந்தாத்தான் உதாரணம் மனசுல நிக்கும்.”

ஆகவே அவருடைய எடுத்துக்காட்டுகள் எல்லாம் தெரிந்தவர்களுக்கு நடந்தவை. தெரிந்தவர்கள் என்றால் நாங்கள். பெயரை எழுத மாட்டார். முதல் எழுத்தை மட்டும் எழுதுவார். அதைத் தம்முடைய நாகரிகமாகக் கருதினார். ஆர் என்று தொடங்கும் திருமதி ஒரே ஒருவர் இருக்கும் கட்டடத்தில் அந்த நாகரிகத்தின் மதிப்பு என்னவென்று யாரும் அவரிடம் கேட்கவில்லை.

முதலில் எல்லாம் விளையாட்டாகத்தான் இருந்தது. ‘ரன் அவுட் ஆஃப்’ என்றால் தீர்ந்துபோதல்: மிசஸ் ஆருக்குக் கேஸ் தீர்ந்துபோனதால் விருந்தாளிகளுக்கு அவல் கலந்து கொடுத்தார். மிசஸ் ஆரே விழுந்து விழுந்து சிரித்தாராம். பிறகு ‘புட் அப் வித்’ வந்தது. பொறுத்துக்கொண்டு காலம் தள்ளுதல். அதற்குரிய வாக்கியம்: மிசஸ் கே தன் மாமியாரைப் பொறுத்துக்கொள்கிறாள், ஏனென்றால் வீடு மாமியார் பெயரில் இருக்கிறது. மிசஸ் கே அந்தக் கூடத்தில், இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவரும் சிரித்தார். அடுத்த இரண்டு வகுப்புகளுக்கு வந்தார். அதன் பிறகு வரவில்லை. அந்த வாரத் தாளில் ‘ட்ராப் அவுட்’ இருந்தது. நடுவில் விட்டுவிட்டுப் போதல். மிசஸ் கே வகுப்பை நடுவில் விட்டுவிட்டுப் போனார். தட்டச்சு செய்தவள் நான்தான்.

நான் அப்போது பதினொன்றாம் வகுப்பு. அப்பா என் படிப்புக்கென்று கணினியும் பிரிண்டரும் வாங்கிய செய்தி மாடிக்குப் போன மறுநாள், கையெழுத்துத் தாளோடு அவர் கீழே இறங்கி வந்தார். “உன் ஸ்பெல்லிங் சுத்தமா இருக்கும்னு உங்கம்மா சொன்னா” என்றார். அது போதுமானதாக இருந்தது. அதிகம் பேசாத பெண்களுக்கு இத்தகைய பாராட்டு கிடைப்பது அரிது. கிடைத்தால் நீண்ட நாள் வேலை செய்வார்கள். ஒரு முறை நானும் ஒரு வாக்கியம் கொடுத்தேன். என் வகுப்புத் தோழி ஒருத்தி தேர்வில் பார்த்து எழுதி, மாட்டிக்கொள்ளாமல் தப்பியதைச் சொன்னேன். ‘கெட் அவே வித்’துக்கு அது பொருத்தமாக இருந்தது. அவர் என் கன்னத்தைத் தட்டினார். அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

அவர் தகவல் திரட்டும் முறையில் ஓர் ஒழுங்கு இருந்தது. எந்த வீட்டில் எது நடந்தாலும் முதலில் போய் நிற்பார். கையைப் பிடித்துக்கொள்வார். கண் கலங்குவார், அது நடிப்பு என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. பிறகு, குரலைத் தாழ்த்தி, ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

“வார்த்தையா என்ன சொன்னாங்க?”

சண்டையானாலும் சாவானாலும் அவருக்குச் சாரம் போதாது; சொன்ன சொற்கள் அப்படியே வேண்டும். பி கட்டடத்தில் ஒரு பெரியவர் மருத்துவமனையில் இறந்தபோது, அவர் மனைவியின் அருகில் தரையில் அமர்ந்து இதையே கேட்டார். அந்த அம்மாள் அழுதுகொண்டே சொன்னார். வெள்ளிக்கிழமைத் தாளில் அது வந்தது: மிஸ்டர் எஸ் ஒரு நிமிடம் நினைவுக்குத் திரும்பினார், காப்பி கேட்டார், நழுவிப் போனார். ‘கம் ரவுண்ட்’ ஒன்று, ‘ஸ்லிப் அவே’ ஒன்று. ஒரே வாக்கியத்தில் இரண்டு வால்கள். பின்னாளில் இலக்கியம் படித்தவள் என்ற முறையில் ஒப்புக்கொள்கிறேன், அது நல்ல வாக்கியம். நல்ல வாக்கியமாக இருந்ததுதான் சகிக்க முடியாமல் இருந்தது.

அவர் வீட்டிலும் ஒன்று நடந்தது. ஒரு புதன்கிழமை மாலை தாள்களைக் கொடுக்க மேலே போனபோது கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே அவர் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். என்றைக்கும் இல்லாத குரல். சொற்களுக்கு நடுவே நீண்ட இடைவெளிகள். நான் அங்கே நின்றது ஒரு நிமிடத்துக்கும் குறைவு. அவர் வீட்டிலும் ஏதோ முறிந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளக் கேட்டது போதுமானதாக இருந்தது. தாள்களைச் செருப்பு அலமாரியின் மேல் வைத்துவிட்டு, ஓசைப்படாமல் இறங்கி வந்தேன். வெள்ளிக்கிழமை அவர் வழக்கம்போல் கஞ்சிப் புடவையில், வால்களைப் பற்றிப் பேசினார்.

இனி என் அக்காவின் விஷயம்.

அக்காவுக்கு அப்போது இருபத்து நான்கு வயது. கேம்ப் பகுதியில் ஓர் அலுவலகத்தில் வேலை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் சென்னையில் ஓர் இடத்தில் நிச்சயமாகி, அழைப்பிதழ் அச்சடித்த பிறகு, காரணம் சொல்லாமல் அவர்கள் நிறுத்திவிட்டார்கள். முந்நூறு அழைப்பிதழ்கள் கட்டுப் பிரிக்காமல் பரணில் கிடந்தன. அம்மா திருநெல்வேலிக்காரி, எதையும் வீணாக்கத் தெரியாதவள். கெட்டியான மஞ்சள் அட்டை, பின்பக்கம் வெறுமையாக இருந்தது. மாதாமாதம் கிராணாக் கடைக்கு அனுப்பும் மளிகைப் பட்டியலை அம்மா அதன் பின்பக்கத்தில்தான் எழுதினாள். எழுதி, காந்தத்தால் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைப்பாள். முதல் சில மாதங்கள் அக்கா அந்தப் பக்கம் திரும்பாமல் தண்ணீர் எடுத்துக்கொண்டு போவாள். பிறகு அவளே ‘பெருங்காயம் இல்லை’ என்று அதில் எழுதும் அளவுக்குத் தேறினாள்.

புதிய வரன் அவர் வழியாகவே வந்தது. வகுப்பில் புதிதாகச் சேர்ந்திருந்த கோவைப் பெண் ஒருவர், தம் கணவரின் தம்பிக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தார். அக்காவின் பயோடேட்டாவை மூன்றாம் மாடிக்காரரே ஆங்கிலத்தில் திருத்திக் கொடுத்தார். எங்கள் சாப்பாட்டு மேசையில் அமர்ந்துதான் திருத்தினார். அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“முன்னால ஒண்ணு நின்னு போச்சுல்லா, அதைச் சொல்லணுமோ?”

“எழுதவும் வேண்டாம், சொல்லவும் வேண்டாம். நின்னது அவங்களால. உங்க மேல என்ன தப்பு?” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “வார்த்தையா என்ன சொன்னாங்க?”

அம்மா சொன்னாள். அழைப்பிதழ்களைப் பற்றியும் சொன்னாள். அவர் எட்டிப் பார்த்து ஃபிரிட்ஜ் கதவிலிருந்த அட்டையை வியந்தார்.

கோவைப் பெண்ணும் அவர் கணவரும் பையனோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து அக்காவைப் பார்த்தார்கள். அந்தப் பெண் அடுப்படிவரை வந்து, “நீங்க உக்காருங்க, நானே எடுத்துக்கறேனுங்க” என்று தட்டுகளை எடுத்து வைத்தார். பட்டியலைப் பார்த்து, “கெட்டி அட்டையா இருக்குதுங்களே” என்றுகூடச் சொன்னார். பையனுக்கு அக்காவைப் பிடித்திருந்தது. அவர்கள் அடுத்த மாதம் பெற்றோரை வரவழைப்பதாகச் சொல்லிப் போனார்கள். அன்று இரவு அக்கா பாத்திரம் துலக்கும்போது முனகிக்கொண்டே எதையோ பாடினாள். இரண்டு ஆண்டுகளில் நான் கேட்ட முதல் பாட்டு.

அடுத்த வியாழக்கிழமை கையெழுத்துத் தாள் வந்தது. அந்த வாரத்து வால் ‘ஆஃப்’. பதினேழாவது வாக்கியம் ‘கால் ஆஃப்’, முடிவு செய்ததை நிறுத்திவிடுதல். மிஸ் வியின் நிச்சயதார்த்தம் அழைப்பிதழ் அச்சான பிறகு நிறுத்தப்பட்டது. அவள் தாய் இன்றுவரை அவற்றின் பின்பக்கத்தில் மளிகைப் பட்டியல் எழுதுகிறாள்.

நான் மாடிப்படிகளை ஓடி ஏறியது அன்று ஒரு நாள்தான்.

“ஆன்ட்டி, பதினேழாவதை மாத்திடலாமா?”

“ஏன், வால் தப்பா இருக்கா?”

“அது அக்கா.”

“‘வி’ன்னுதானே போட்டிருக்கேன்? இந்தப் பூனாவுல எத்தனை வி!”

“அட்டை இருக்கே ஆன்ட்டி. அவங்க எங்க வீட்டுல பார்த்திருக்காங்க.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை வாங்கிப் பார்த்தார். உண்மையாகவே யோசித்தார் என்றுதான் நினைக்கிறேன். பிறகு திருப்பிக் கொடுத்தார்.

“அட்டையை எடுத்துட்டா அதுல என்னடி இருக்கு? அதுதானே உயிரு. அவளுக்கு இங்கிலீஷைப் புரிஞ்சுக்கவே நேரம் போதலை; இதையா கவனிக்கப் போறா? போய் டைப் பண்ணு.”

நான் போய்த் தட்டச்சு செய்தேன். பதினேழாவது வாக்கியமாக, ஜான் கூட்டத்தை நிறுத்திவிட்டான் என்று எழுதினேன். பதினான்கு பிரதிகள் எடுத்து, வெள்ளிக்கிழமை வேண்டுமென்றே தாமதமாக, வகுப்பு தொடங்கிய பிறகு கொண்டுபோய்க் கொடுத்தேன். திருத்த நேரம் இருக்காது என்று கணக்குப் போட்டேன். இங்கே பதினொன்றாம் வகுப்பே ஜூனியர் காலேஜ்; எனக்கு அது மதியம்தான். எனவே செருப்புகளுக்கு நடுவே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினாறு வாக்கியங்கள் ஒழுங்காகப் போயின. பதினேழில் அவர் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

“ஜானா? இவன் எப்படி உள்ள வந்தான்?”

பெண்கள் சிரித்தார்கள். அவர் என்னைப் பார்க்கவில்லை. கைப்பையிலிருந்து டைரியை எடுத்தார்.

“டைப்பிங் மிஸ்டேக். எல்லாரும் அதை அடிச்சுட்டு, நான் சொல்றதை எழுதிக்குங்க. மெதுவா சொல்றேன்.”

மெதுவாகவே சொன்னார். அச்சில் இருந்திருந்தால் கண் ஒருவேளை தாண்டிப் போயிருக்கும். பதினான்கு பெண்கள் குனிந்து, தம் கையெழுத்தில், சொல் சொல்லாக என் அக்காவை எழுதிக்கொண்டார்கள். “மளிகைப் பட்டியல்” என்ற இடத்தில் கோவைப் பெண்ணின் பேனா நின்றது. அவர் ஆங்கிலத்தைப் புரிந்துகொண்டார். அந்தப் பெண்ணுக்கு ஆசிரியை நன்றாகத்தான் கற்பித்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கோவைப் பெண் தனியாக வந்தார். உட்காரவில்லை. தாளை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்திருந்தார்.

“தப்பா நினைச்சுக்காதீங்கம்மா. இது உங்க வீடுங்களா?”

அம்மா தாளை வாங்கிப் பார்த்தாள். ஆங்கிலம் அவளுக்குத் தெரியாது. என்னைப் பார்த்தாள். அக்கா உள்ளேயிருந்து வந்து, தாளைப் பார்க்காமலேயே, “ஆமாங்க, நான்தான்” என்றாள்.

“நின்னு போனதை நாங்க குத்தமா நினைக்கலைங்க. நீங்களே சொல்லியிருந்தா ஒண்ணுமே இல்லைங்க. இப்படி ஒரு கிளாஸ்ல உக்காந்து, அதுவும் இங்கிலீஷ்ல எழுதித் தெரிஞ்சுக்க வேண்டியதாப் போச்சு. மாமாகிட்ட நான் என்னன்னுங்க சொல்லுவேன்?”

அவர் குரலில் கோபத்தைவிட அவமானம் அதிகம் இருந்தது. அதன் பிறகு அவர்களிடமிருந்து தொலைபேசி வரவில்லை. அம்மா ஃபிரிட்ஜ் கதவிலிருந்த அட்டையை எடுத்தாள். பரணிலிருந்த கட்டையும் இறக்கி, பழைய பேப்பர் கடைக்காரரிடம் போட்டாள். வெறும் காந்தம் மட்டும் கதவில் இருந்தது.

பத்து நாள் கழித்து மூன்றாம் மாடியிலிருந்து அவர் இறங்கி வந்தார். கையில் இந்த ஊர்க் காரப் பலகாரமான பாக்கர்வடிப் பொட்டலம். நேராகப் போய் அம்மாவின் அருகில் அமர்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். கண்கள் கலங்கின. அந்தத் தாளுக்கும் இந்த வருகைக்கும் தொடர்பிருப்பதாக அவர் முகத்தில் எந்த அறிகுறியும் இல்லை. வழக்கம்போல் காப்பிக்கு வந்தவர்போல் இயல்பாக இருந்தார்.

“கேள்விப்பட்டேன். மனசே சரியில்லை.” குரல் தாழ்ந்தது. “வார்த்தையா என்ன சொன்னாங்க?”

அம்மாவின் வாய் திறந்தது. யாராவது கையைப் பிடித்தால் சொல்லிவிடும் வாய் அது. அதற்குள் அக்கா காப்பி டம்ளரை அவர் முன் வைத்தாள்.

“சர்க்கரை போதுமான்னு பாருங்க ஆன்ட்டி.”

“போதும்மா. அந்தப் பொண்ணு நேர்லயே வந்தாளாமே?”

“இந்தப் பால் கொஞ்சம் தண்ணியா இருக்கு. பால்காரர்கிட்டச் சொல்லணும்.”

“கோபமா பேசினாளா?”

“உங்க மாடில தண்ணி ஒழுங்கா வருதா ஆன்ட்டி? எங்களுக்குக் காலையில ஒரு மணி நேரம்தான்.”

இப்படியே அரை மணி நேரம். அக்காவின் குரல் ஒரு முறைகூட உயரவில்லை. அம்மாவும் புரிந்துகொண்டு, “ஆமா, தண்ணி ரொம்பக் கஷ்டமால்லா இருக்கு” என்றாள். அவர் காப்பியைக் குடித்தார், பாக்கர்வடி இரண்டைத் தாமே எடுத்துத் தின்றார், வெறும் காந்தத்தை ஒரு முறை பார்த்தார். டைரி கைப்பையிலிருந்து வெளியே வரவில்லை. எங்கள் வீட்டிலிருந்து அவர் ஒரு வாக்கியம்கூட இல்லாமல் கிளம்பிய முதல் நாள் அது.

பிறகு அக்காவுக்கு நாக்பூரில் திருமணம் நடந்தது. அந்த மாப்பிள்ளை முதல் முறை பேசியபோதே, “கார்டு அடிச்சு நின்னுபோன பொண்ணு நான். அதுல அம்மா மளிகை லிஸ்ட் எழுதினாங்க” என்று அவளே சொன்னாள். அவர் சிரித்தாராம், அவளும் சிரித்தாளாம். அதே வாக்கியம்தான், இம்முறை அதில் ‘நான்’ இருந்தது.

ஆனால் பாக்கர்வடியோடு வந்த அன்று மூன்றாம் மாடிக்காரர் கிளம்பும்போது நடந்ததைச் சொல்லி முடிக்க வேண்டும். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே என் கையில் புதிய கையெழுத்துத் தாளைத் திணித்தார்.

“உன் ஜான் வாக்கியம் தப்பில்லை. கிராமர் சுத்தமா இருந்தது. உயிர்தான் இல்லை. இதுல பத்தொன்பதுதான் இருக்கு. இருபதாவதை நீயே போடு பார்க்கலாம். அவுட்னு முடியணும்.”

நான் கணினிமுன் அமர்ந்து பத்தொன்பதைத் தட்டச்சு செய்தேன். இருபதாவதாக, பாதி திறந்த கதவருகே நான் கேட்டதை எழுதினேன். அவருடைய முதல் எழுத்தைப் போட்டேன். அவர் பேசிய சொற்கள் எனக்கு அப்படியே நினைவிருந்தன, வார்த்தையாகவே எழுதினேன். வால் கச்சிதமாக வந்து பொருந்தியது. உயிர் இருந்தது. பதினான்கு பேர் கையில் வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு அது போய்ச் சேரும். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வால் சரியா என்று மட்டும் பார்த்து, உரக்கப் படிக்கத் தொடங்குவார். அது யாருடைய வாக்கியம் என்பது பாதி படித்த பிறகே அவருக்குத் தெரியும். அந்தக் காட்சியைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரைப்போல எழுதுவது எவ்வளவு எளிது என்பதுதான் எனக்கு அருவருப்பாக இருந்தது.

அழித்தேன். ஜான் வெளியே போனான் என்று எழுதி, பதினான்கு பிரதிகள் எடுத்து, மூன்றாம் மாடிக்குக் கொண்டுபோய் அவர் கையிலேயே கொடுத்தேன்.

அவர் கடைசி வரிக்குப் போனார். உதட்டைப் பிதுக்கினார்.

“இவ்வளவுதானா?”

“இவ்வளவுதான் ஆன்ட்டி. இனிமே எனக்கு டைப் பண்ண நேரம் இருக்காது.”